திருநெல்வேலிச் சந்தையில நிண்டுகொண்டு திருச்சிக்குச் சொல்லிக்குடுத்த இந்தியப் பொருளாதாரம்

இந்தியாவில சோதனை எழுதுற பிள்ளைக்கு யாழ்ப்பாணத்தில இருக்கிற ஒருத்தன் இந்தியப் பொருளாதாரம் சொல்லிக்குடுக்கிறதோ எண்டு சிரிக்கிற ஆக்கள் இருப்பினம். சிரிக்கட்டும். என்ர சின்னம்மா கலியாணம் கட்டித் திருச்சிக்குப் போனவ, அவவின்ர மகள் டிஎன்பிஎஸ்சி குரூப் 2 க்குப் படிக்க வெளிக்கிட்டதில இருந்து ராவில வட்ஸ்அப்பில எனக்குக் கேள்வி அனுப்புறது வழக்கமாப் போச்சுது. நான் ஏஎல்லில (உயர்தர வகுப்பில) கொமர்ஸ் படிச்சு, கம்பஸில பொருளியல் செய்து, இப்ப அபிவிருத்தி உத்தியோகத்தரா இருக்கிறன், பின்னேரத்தில கொஞ்சப் பிள்ளையளுக்கு வகுப்பும் எடுக்கிறனான், அதால அடிப்படை தெரியும், ஆனா இந்தியாவின்ர சரத்து இலக்கங்களும் ஆணையங்களும் அவளோட சேந்து நானும் படிச்சதுதான். ரெண்டு நாட்டுக் கணக்கையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கேக்க விளங்கின அளவுக்குக் கோச்சிங் நோட்ஸில விளங்கேல்லை எண்டு அவள் சொன்னவள், அதாலதான் எழுதுறன். பிரிலிம்ஸ் பாஸ் பண்ணிப்போட்டாள், மெயின்ஸ் எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளின்ர போன் முழுக்க மாதாந்த நடப்பு நிகழ்வு பிடிஎஃப். ஆர் எந்த வங்கிக்குத் தலைவர், எந்த அறிக்கையில இந்தியா எத்தினையாம் இடம், எந்த நாள் என்ன தினம். உதுகளில கேள்வி வாறதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பழைய கேள்வித்தாள்களை எடுத்து வடிவாப் பாத்தீங்களெண்டா பொருளாதாரத்தில ஆளைக் கவிழ்க்கிறது கூற்றுக் கேள்வியள்தான், கூற்று 1, கூற்று 2, எது சரி எண்டு. அதுக்கு ஒருவரி விடை உதவாது, அந்த விசயம் எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரிஞ்சிருக்கோணும். அதால நாங்கள் ஒரு வழக்கம் வைச்சனாங்கள், எந்தச் செய்தி வந்தாலும் முதல்ல கேக்கிறது "இதில காசு ஆரிட்ட இருந்து ஆரிட்டப் போகுது". பேர், திகதி, சரத்து எல்லாம் அதுக்குப் பிறகு.

முதல் எடுத்தது பணவீக்கம். பேப்பரில பணவீக்கம் 7 சதவீதத்தில இருந்து 4 க்கு இறங்கிட்டுது எண்டு போட்டிருக்கு, அப்ப அரிசி விலை என்ன ஆகும் பிள்ளை எண்டு கேட்டன். "கொறையும்ல அண்ணா" எண்டாள். அவளோட கோச்சிங் படிக்கிற கனபேர் அப்பிடித்தான் சொல்லுவினமாம். அப்பதான் எங்கட கணக்கை எடுத்தனான், 2022 செப்டெம்பரில கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி இங்க பணவீக்கம் 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமானுக்கு மட்டும் 94.9. அடுத்த வருசம் அதே செப்டெம்பரில 1.3 சதவீதம். இப்ப கணக்குப் போடு எண்டன். 2021 இல 100 ரூபாவுக்கு வாங்கின சாமான் 2022 இல 169 ரூபா 80 சதம், 2023 இல அதுக்கு மேல இன்னும் 1.3 சதவீதம், கிட்டத்தட்ட 172 ரூபா. 69.8 எங்க, 1.3 எங்க, ஆனா விலை எங்கையும் இறங்கேல்லை, ஏறுற வேகம்தான் குறைஞ்சது. அந்த 1.3 ஐ ரேடியோவில கேட்டுப்போட்டு ஆரும் சந்தைக்குச் சந்தோசமாப் போகேல்லை. 2024 செப்டெம்பரிலதான் அது மறை 0.5 ஆனது, அதாவது ஒரு வருசத்துக்கு முந்தின விலையை விட உண்மையாவே கொஞ்சம் கீழ. டிஸ்இன்ஃப்ளேஷன் (ஏறுற வேகம் குறையிறது) எண்டுறது எது, டிஃப்ளேஷன் (விலையே இறங்கிறது) எண்டுறது எது எண்டு அதுக்குப் பிறகு அவளுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லாமப் போட்டுது. பேஸ் எஃபெக்ட் எண்டு சொல்லுறதும் இதுக்குள்ளதான் கிடக்கு, போன வருசத்து விலை ஏற்கனவே உச்சியில நிண்டா இந்த வருசத்துச் சதவீதம் சின்னதாத்தான் தெரியும்.

இதில காசு ஆரிட்ட இருந்து ஆரிட்டப் போச்சுது? பழைய கேள்வித்தாளில "பணவீக்கத்தால் பயனடைபவர் யார்" எண்டு வரும், விடை கடன் வாங்கினவர். அவள் அதை மனப்பாடமாச் சொல்லுவாள், ஏன் எண்டு கேட்டா யோசிப்பாள். இங்க சேவிங்ஸ் புத்தகத்தில காசு போட்டு வைச்சிருந்த பென்சன்காரர் எல்லாருக்கும் காரணம் தெரியும். 2021 இல போட்ட ஒரு லட்சம் 2022 முடிவிலயும் ஒரு லட்சம்தான், சொற்ப வட்டியோட, ஆனா அதுக்கு வாங்கக்கூடிய சாமான் முந்தினதில அரைவாசியை விடக் கொஞ்சம்தான் கூட. அதே நேரம் பழைய நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர் அதே தவணையை மதிப்புக் குறைஞ்ச காசில கட்டினார். குடுத்தவரிட்ட இருந்து எடுத்தவரிட்டச் சத்தமில்லாமப் போச்சுது.

இந்தியாவின்ர பக்கம் வந்தா இலக்கு 4 சதவீதம், மேலயும் கீழயும் 2, அதாவது 2 க்கும் 6 க்கும் இடையில நிக்கோணும். இதில ஒரு நல்ல பொறி இருக்கு, இலக்கை நிர்ணயிக்கிறது ரிசர்வ் வங்கி எண்டு கூற்றுக் குடுப்பினம், பிழை. மத்திய அரசு ரிசர்வ் வங்கியோட கலந்து பேசி 5 வருசத்துக்கு ஒருக்கா நிர்ணயிக்கும், அதை அடையிற பொறுப்புத்தான் வட்டி வீதத்தைத் தீர்மானிக்கிற பணக் கொள்கைக் குழுவுக்கு. குழுவில 6 பேர், ஆளுநர் தலைவர், வங்கிப் பக்கம் 3, அரசு நியமிக்கிறது 3, வாக்கு சமனா வந்தா ஆளுநருக்கு இன்னொரு வாக்கு, எல்லாம் 2016 இல சட்டம் திருத்தினதோட வந்தது. தொடர்ச்சியா 3 காலாண்டு வரம்புக்கு வெளியில போனா அரசுக்குக் காரணம் எழுதிக் குடுக்கோணும், 2022 இல அப்பிடி எழுத வேண்டி வந்தது. இங்க 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்தாப் பிறகு இலக்கு 5 சதவீதம், அதுவும் நிதி அமைச்சரும் மத்திய வங்கியும் சேந்து போட்ட உடன்படிக்கை. 2022 ஏப்ரலில இந்தியாவில 7.79 சதவீதத்துக்கே தலையில கை வைச்சவை எண்டு அவள் சொல்லேக்க எனக்குச் சிரிப்பு வந்தது, வேற என்ன செய்யிறது.

சிபிஐ எண்டுற நுகர்வோர் விலைக் குறியீடும் டபிள்யூபிஐ எண்டுற மொத்த விலைக் குறியீடும் பற்றிக் கனக்க இழுக்கத் தேவையில்லை. டபிள்யூபிஐயில சேவைகள் இல்லை, டியூசன் காசும் பஸ் காசும் ஏறினா அதில தெரியாது. இலக்கு சிபிஐயை வைச்சுத்தான், 2014 இல உர்ஜித் பட்டேல் குழு சொன்னதுக்குப் பிறகு வந்த வழக்கம். 2012 ஐ அடிப்படை ஆண்டா வைச்ச சிபிஐ தொடரில உணவு, பானத்தின்ர பங்கு 45.86 சதவீதம், அதாலதான் அங்க தக்காளி விலை ஏறினா முழுக் குறியீடும் ஆடிச்சுது. வட்டியை ஏத்தித் தக்காளி விளைவிக்க ஏலாது எண்டுறதையும் சேத்து யோசியுங்கோ, மெயின்ஸில எழுத நல்ல பொயின்ற்.

ரெப்போ ரேட் எண்டா அவள் உடன சொல்லுவாள் "வணிக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் விகிதம்". சரி, அது ஏறினா உங்கட வீட்டில என்ன நடந்தது எண்டு கேட்டன். அவளுக்குத் தெரியேல்லை, தேப்பனிட்ட, அதாவது என்ர சித்தப்பாவிட்டப் போய்க் கேட்டாள். அவர் வீட்டுக் கடன் எடுத்திருக்கிறார், மாறும் வட்டி. 2022 மே வரைக்கும் ரெப்போ 4 சதவீதம், மேயில இருந்து ஏத்தி ஏத்தி 2023 பெப்ரவரியில 6.5 ஆக்கினவை, மொத்தம் 250 அடிப்படைப் புள்ளி, 100 புள்ளி எண்டா 1 சதவீதம். சித்தப்பாவின்ர வங்கி மாதத் தவணையைக் கூட்டாமல் கட்டுற காலத்தைத் தான் நீட்டி விட்டிருக்கு, மனுசன் கவனிக்கவே இல்லை. ஏன் அவற்ர வட்டி இவ்வளவு கெதியா ஏறினது எண்டா, 2019 ஒக்டோபர் 1 க்குப் பிறகு குடுக்கிற மாறும் வட்டிச் சில்லறைக் கடன் எல்லாத்தையும் ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு. அந்தக் கடன் பத்திரத்தை எடுத்துப் பாத்த அண்டைக்குத்தான் அவளுக்கு ரெப்போ விளங்கினது எண்டு நினைக்கிறன். "அப்பா பாக்கெட்ல இருந்து தான்ணா போகுது" எண்டு வொய்ஸ் அனுப்பினாள்.

இங்க 2022 ஏப்ரலில ஒரே அடியில 700 அடிப்படைப் புள்ளி ஏத்தினவை, வங்கிகள் மத்திய வங்கியில காசு போட்டாக் கிடைக்கிற துணைநில் வைப்பு வசதி வீதம் 13.5 க்கும், அங்க கடன் எடுத்தாக் கட்டுற கடன்வழங்கல் வசதி வீதம் 14.5 க்கும் போனது. பிறகு அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விடுற திறைசேரி உண்டியலின்ர வட்டி 30 சதவீதத்தையும் தாண்டினது. நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல குடுக்கினம் எண்டு எங்கட ஆக்கள் வெளிநாட்டுக் காசைக் கொண்டுவந்து போட, கடை நடத்திறவை, வீடு கட்டத் தொடங்கினவை கடன் எடுக்க ஏலாமல் அப்பிடியே நிப்பாட்டிப்போட்டினம். வட்டி ஏத்திறது எண்டா செலவழிக்கிறதை நிப்பாட்டுறது எண்டு பாதிச் சுவரோட நிண்ட வீடுகளைப் பாத்தாலே விளங்கும். ஒண்டு கவனியுங்கோ, இங்க 2024 நவம்பரில இருந்து ஓவர்நைட் பொலிசி ரேட் எண்டு ஒரே வீதம் வைச்சிருக்கினம், இலங்கை யூடியூப் சனலைப் பாத்து அதை இந்தியச் சோதனைக்குக் கொண்டு போகாதேங்கோ. அங்க மூண்டு வீதம் சேந்த வட்டித் தாழ்வாரம், நடுவில ரெப்போ, கீழ 2022 ஏப்ரலில வந்த எஸ்டிஎஃப் (வங்கிகள் ரிசர்வ் வங்கியில காசு போட்டாக் கிடைக்கிறது), மேல எம்எஸ்எஃப் (அவசரத்துக்குக் கடன் எடுத்தாக் கட்டுறது).

பற்றாக்குறைகளுக்கு நான் சூத்திரம் சொல்லவே இல்லை, ஒரு கணக்குத்தான் குடுத்தனான். அரசாங்கத்தின்ர மொத்தச் செலவு 100, அதில வருவாய்ச் செலவு 80, மூலதனச் செலவு 20. வரி, கட்டணம் எல்லாம் சேத்து வருவாய் வரவு 70. பங்கு வித்தது, குடுத்த கடன் திரும்பி வந்தது 5. வட்டிக்கு மட்டும் 18 போகுது, அது 80 க்குள்ள இருக்கு. 80 இல 70 ஐக் கழிச்சா வருவாய்ப் பற்றாக்குறை 10. நிதிப் பற்றாக்குறை 25, ஏனெண்டா 70 ம் 5 ம் கழிஞ்சா மிச்சம் முழுக்கக் கடன். முதன்மைப் பற்றாக்குறை 25 இல வட்டி 18 ஐக் கழிச்சா 7. இந்த ஒரு கணக்கை இலக்கத்தை மாத்தி மாத்திப் போட்டாலே கூற்றுக் கேள்வி முக்கால்வாசி முடிஞ்சுது. பங்கு வித்த காசு நிதிப் பற்றாக்குறையைக் குறைக்கும், ஆனா வருவாய்ப் பற்றாக்குறையைத் தொடாது எண்டுறதை உந்தக் கணக்கிலயே பாக்கலாம். 2025-26 இந்திய பட்ஜெட்டில நிதிப் பற்றாக்குறை மதிப்பீடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில 4.4 சதவீதம், கொரோனா வருசம் 2020-21 இல 9.2 வரைக்கும் போனது.

அந்த வட்டி எண்டுற சொல்லை லேசா விடாதேங்கோ. இலங்கையில 2021 இலயும் 2022 இலயும் அரசாங்கத்துக்கு வந்த வருமானத்தில 70 சதவீதத்துக்கு மேல வட்டிக்கே போனது. 2019 டிசெம்பரில வற் வரியை 15 இல இருந்து 8 ஆக்கி வருமானத்தையும் வெட்டினவை. இப்ப 18 சதவீதம் கட்டுறம். முதன்மைப் பற்றாக்குறையை ஏன் தனியாப் பாக்கிறவை எண்டு கேட்டா இதுதான் விடை, பழைய கடன்ர வட்டியை விட்டுப்போட்டு இந்த வருசம் நீ உன்ர வரவுக்குள்ள நடத்திறியோ எண்டு அது காட்டும்.

மானியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல உதாரணம். 2022 ஓகஸ்டில ஒரு லீற்றர் 87 ரூபாவில இருந்து 340 ரூபா. குருநகர், பருத்தித்துறைப் பக்கம் மீன்பிடி போட்டுக்கு எண்ணெய் அடிக்கிற சனம் என்ன பாடு பட்டிருக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஆனா அந்த 87 ரூபா இருந்த காலத்தில மிச்சக் காசை ஆரோ கட்டித்தான் இருக்கினம், அது பட்ஜெட் புத்தகத்தில இல்லாமல் எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின்ர நட்டமாக் கிடந்தது. இந்தியாவிலயும் இப்பிடி ஒண்டு நடந்தது, உணவு மானியத்துக்குக் குடுக்க வேண்டிய காசை முழுக்கக் குடுக்காமல் எஃப்சிஐயை (இந்திய உணவுக் கழகத்தை) சிறுசேமிப்பு நிதியில கடன் எடுக்க விட்டவை, 2021 பெப்ரவரி பட்ஜெட்டிலதான் அதைக் கணக்குக்குள்ள கொண்டு வந்தவை. மெயின்ஸில பட்ஜெட்டுக்கு வெளிய எடுக்கிற கடன் பற்றிக் கேட்டா இதை எழுதலாம்.

1991 ஐப் பற்றிச் சொல்லாமல் இந்தியப் பொருளாதாரம் படிக்க ஏலாது. எல்பிஜி (தாராளமயம், தனியார்மயம், உலகமயம்) சீர்திருத்தம், நரசிம்ம ராவ், மன்மோகன் சிங், ஜூலை 24 பட்ஜெட், இவ்வளவும் அவளுக்குப் பாடம். ஏன் நடந்தது எண்டா "பேலன்ஸ் ஆஃப் பேமென்ட் கிரைசிஸ்" எண்டு ஒரு வரி. நான் சொன்னன், யாழ்ப்பாணத்தில ஒரு வீட்டில காசு முட்டுப்பட்டா என்ன செய்யிறது, தாலிக்கொடியைக் கொண்டுபோய் அடகு வைக்கிறது, விக்க மனம் வராது, நாட்டுக்கும் அதுதான் நடந்தது. வளைகுடாப் போரில எண்ணெய் விலை ஏறி, அங்க வேலை செய்தவையின்ர காசு வரத்தும் குறைஞ்சு, கையில இருந்த டொலர் சில கிழமை இறக்குமதிக்குத்தான் காணும் எண்ட நிலையில, 1991 ஜூலையில கிட்டத்தட்ட 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியில ஈடு வைச்சுக் கடன் எடுத்தவை. அந்த மாதத் தொடக்கத்தில ரூபாய் மதிப்பை ரெண்டு தரம் குறைச்சவை, 1 ஆம் திகதியும் 3 ஆம் திகதியும். ஆனா கடன் கட்டாமல் விடேல்லை, அதுதான் முக்கியம். 2009 இல அதே இந்தியா ஐஎம்எஃப்பிட்ட இருந்து 200 டன் தங்கம் வாங்கினது.

இலங்கை 2022 ஏப்ரல் 12 வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சிட்டுது. செலுத்து சமநிலை, எங்கட புத்தகத்தில சென்மதி நிலுவை, அது பிழைச்சா என்ன நடக்கும் எண்டுறதுக்கு இதை விட வேற பாடம் எனக்குத் தெரியாது. டொலர் 200 ரூபாவில பிடிச்சு வைச்சிருந்தவை, மார்ச்சில விட்டவுடன மே மாதத்துக்குள்ள 360 வரைக்கும் போனது. இந்திய ரூபாயை வைச்சு அவளுக்குக் காட்டினனான், முந்தி இந்திய 1 ரூபாய்க்கு இங்கத்தேக் காசு மூண்டு ரூபாவும் வராது, 2022 நடுவில நாலரை ரூபாவுக்கு மேல. சின்னம்மா மகளின்ர சாமத்தியச் சடங்குக்கு வந்தபோது இங்க செலவழிச்ச இந்தியக் காசுக்கும், 2023 இல வந்து செலவழிச்சதுக்கும் வித்தியாசம் அவவுக்கு நல்லாத் தெரியும். மதிப்புக் குறைஞ்ச நாட்டுக்கு வாற வெளியாளுக்கு லாபம், அந்த நாட்டில இருந்துகொண்டு வெளியில இருந்து எண்ணெயும் பால்மாவும் இறக்கிறவனுக்கு நட்டம், ஏற்றுமதியும் சுற்றுலாவும் இதாலதான் கூடும் எண்டுறது தன்பாட்டில வரும்.

அந்த வருசத்துச் செய்தியளை நடப்பு நிகழ்வாப் படிச்சா ஒரு மூலையில பழைய பாடம் எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 2022 ஜனவரியில ரிசர்வ் வங்கி இலங்கைக்குக் குடுத்த 400 மில்லியன் டொலர் சுவாப், அது 2012 நவம்பரில தொடங்கின சார்க் நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டுக்கு கீழ. நாடுகளுக்கு இடையில வர்த்தகக் கணக்குத் தீர்க்கிற ஆசிய தீர்வக ஒன்றியத்தில கட்ட வேண்டியதைப் பிந்திக் கட்ட விட்டவை, அந்த ஒன்றியத்தின்ர தலைமையகம் டெஹ்ரான். இந்தியா அந்த வருசம் செய்த உதவி எல்லாம் சேத்து 4 பில்லியன் டொலர் அளவு. தமிழ்நாட்டு அரசு அனுப்பின 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்தும், டிஎன்பிஎஸ்சிக்கு இதுவும் உதவும். 2023 மார்ச் 20 ஐஎம்எஃப் 48 மாத விரிவாக்கப்பட்ட நிதி வசதியை அங்கீகரிச்சது, பேந்து கடன் குடுத்த நாடுகளின்ர குழுவுக்கு இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூண்டும் இணைத் தலைமை. இவ்வளவையும் தனித்தனிப் பிடிஎஃப்பில பத்து இடத்தில படிச்சா மறந்துபோகும், ஒரு நாட்டில டொலர் இல்லாமப் போன கதையாப் படிச்சா மறக்காது.

மத்திய வரியை மாநிலங்களோட எப்பிடிப் பிரிக்கிறது எண்டு சிபாரிசு செய்யிற நிதி ஆணையத்தில எங்களுக்கு நல்ல சண்டை. சரத்து 280, 5 வருசத்துக்கு ஒருக்கா, சனாதிபதி நியமிப்பார், 15 ஆவதுக்கு என்.கே.சிங், 16 ஆவதுக்கு அரவிந்த் பனகாரியா. 15 ஆவது ஆணையம் மாநிலங்களுக்கு 41 சதவீதம் எண்டது, அதுக்கு முதல் 42, ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசமானதால ஒண்டு குறைஞ்சது. கூற்றுக் கேள்வியில "மத்திய அரசு வசூலிக்கும் மொத்த வரியில் 41 சதவீதம்" எண்டு போட்டா பிழை, செஸ், சர்சார்ஜ் எண்டுற மேலதிக வரியள் பங்குக்குள்ள வராது, பகிரக்கூடிய தொகுப்பில மட்டும்தான். பேந்து 15 ஆவது ஆணையம் 2021-26 க்கு அந்த 41 ஐ மாநிலங்களுக்குள்ள பிரிக்கேக்க வருமான இடைவெளிக்கு 45 சதவீத நிறை குடுத்தது, அதாவது வசதி குறைஞ்ச மாநிலத்துக்குக் கூட. அப்ப உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 4.079. "நாங்க கட்டுறது எவ்ளோ, வர்றது எவ்ளோண்ணா" எண்டு அவளுக்குக் கோவம். கோவம் நல்லது, கோவம் வந்த இலக்கம் மறக்காது, ஆனா விடைத்தாளில ரெண்டு பக்கமும் எழுது எண்டன். எங்களுக்கும் நிதி ஆணைக்குழு எண்டு ஒண்டு இருக்கு, 154ஆர் (R) சரத்து, மாகாணங்களுக்குப் பங்கு சிபாரிசு செய்யிறது, எங்கட மாகாண சபையின்ர காலமோ 2018 ஒக்டோபரோட முடிஞ்சு இன்னும் தேர்தல் இல்லை, அந்தக் கதையை விடுவம்.

ஜிஎஸ்டி கவுன்சில் சரத்து 279ஏ, வாக்கில மத்திய அரசுக்கு மூண்டில ஒண்டு, மாநிலங்கள் எல்லாத்துக்கும் சேத்து மூண்டில ரெண்டு, முடிவுக்கு நாலில மூண்டு வேணும். அப்ப மத்திய அரசு வேண்டாம் எண்டா ஒண்டும் நடக்காது, கணக்குப் போட்டுப் பாருங்கோ.

வெங்காயம்தான் எனக்குப் பிடிச்ச பாடம். 2023 ஓகஸ்டில இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது, டிசெம்பர் 8 இல முழுக்கத் தடை, 2024 மே 4 இல எடுத்தது. அந்த மாதங்களில இங்க திருநெல்வேலிச் சந்தையில பம்பாய் வெங்காயம் விலை ஏறிக் கொண்டே போக, சாப்பாட்டுக் கடையில சம்பலுக்கே கணக்குப் பாத்தவை. (திருநெல்வேலி எண்டவுடன அவள் அல்வா எண்டாள், இது வேற பிள்ளை, கம்பஸடி.) நான் சந்தையில விலை கேட்டு வொய்ஸ் போட, அவள் அங்கத்தே விலையை அனுப்புவாள். அதில இருந்து எத்தினை பாடம் பாருங்கோ. மழை குறைஞ்ச வருசம், காரிஃப் (மழைக்காலப் போகம்) வெங்காயம் காணாது, ராபி (குளிர்காலப் போகம்) வெங்காயம்தான் சேமிச்சு வைக்கிறது. விலை ஏறினா சிபிஐ ஏறும். ரெப்போவால வெங்காயத்தை ஒண்டும் செய்ய ஏலாது, அப்ப அரசு செய்யிறது ஏற்றுமதி வரி, குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, தடை, நாஃபெட், என்சிசிஎஃப் எண்டுற கூட்டுறவு அமைப்புகளை வைச்சு இருப்பில இருந்து விக்கிறது. அறிவிப்பு விடுறது வர்த்தக அமைச்சகத்தின்ர வெளிநாட்டு வர்த்தக இயக்ககம், டிஜிஎஃப்டி. தேர்தலும் கிட்ட. காசு ஆரிட்ட இருந்து போச்சுது? நாசிக் விவசாயியிட்ட இருந்து இந்திய நகரத்தில வாங்கிச் சாப்பிடுறவரிட்ட, அவனுக்கு வெளிநாட்டு விலை கிடைக்காமப் போச்சுது. இறக்குமதி செய்து சாப்பிடுற நாங்களும் சேத்துக் கட்டினனாங்கள். 2024 ஏப்ரலில இலங்கைக்கு 10,000 டன் மட்டும் விடுவம் எண்டு தனி அனுமதி, அது அயலுறவு. ஒரு வெங்காயத்தில வேளாண்மை, பணவீக்கம், வர்த்தகக் கொள்கை, அயலுறவு நாலும் முடிஞ்சுது.

எழுதி வைக்கிற முறை சிம்பிள். ஒரு கொப்பி, இடப்பக்கம் மாறாதது, வலப்பக்கம் மாறுறது. இடப்பக்கம் பேனையால, ரெப்போ எப்பிடி வேலை செய்யுது, குழுவில எத்தினை பேர், சரத்து என்ன. வலப்பக்கம் பென்சிலால, இலக்கமும் அதுக்குப் பக்கத்தில திகதியும், திகதி இல்லாத இலக்கத்தை நான் எழுத விடுறேல்லை. ஜிஎஸ்டி விகிதத்தைப் பாருங்கோ, கன பிடிஎஃப்பில இன்னும் 5, 12, 18, 28 எண்டுதான் கிடக்கு, 2025 செப்டெம்பர் 22 இல இருந்து 12 ம் 28 ம் போய் 5, 18, சில சாமானுக்கு 40 எண்டு வந்திட்டுது. 2025 இல ரெப்போவைக் குறைக்கத் தொடங்கினதில இருந்து அவளின்ர கொப்பியில அந்த இடம் அழிச்சு அழிச்சுக் கிழியப் பாக்குது. வருசத்தையும் கவனியுங்கோ, இந்தியாவுக்கு நிதியாண்டு ஏப்ரல் 1 இல இருந்து மார்ச் 31, இலங்கை பட்ஜெட்டுக்கு ஜனவரியில இருந்து டிசெம்பர், ரெண்டு நாட்டையும் ஒப்பிட்டு எழுதுற ஆக்கள் 2022 எண்டும் 2022-23 எண்டும் கலந்து போடுவினம்.

படிக்கிறதுக்கு, பள்ளிக்கூடப் புத்தகம் முதல், 11 ஆம் 12 ஆம் வகுப்புப் பொருளியல், அதை விட்டுப்போட்டு தடிச்ச புத்தகத்துக்குப் போறது காசுக்கு நட்டம். பேந்து பெப்ரவரி 1 பட்ஜெட் நாளில அரசு போடுற சுருக்க ஆவணம், அதில ரூபாய் எங்க இருந்து வருது, எங்க போகுது எண்டு படமே இருக்கு, எங்கட கேள்விக்கு நேர விடை. பணக் கொள்கைக் குழுக் கூட்டம் முடிஞ்ச அண்டைக்கு ரிசர்வ் வங்கியின்ர அறிக்கையில முதல் பக்கம். பிஐபி (இந்திய அரசின்ர செய்தி வெளியிடுற அலுவலகம்) தமிழிலயும் வருது. யூடியூப் பாக்கிறதெண்டா பாருங்கோ, தம்ப்நெயிலில "அதிர்ச்சி" எண்டு போட்டிருக்கிறதை மட்டும் விட்டுடுங்கோ. மாதாந்த பிடிஎஃப் ஒண்டு காணும், சோதனைக்கு முந்தின மாதத்தில பேர், இடம், விருதுக்கு மட்டும் ஓடிப் பாக்க.

மற்றது சோதனை மண்டபம். டிஎன்பிஎஸ்சி பிரிலிம்ஸில பிழையான விடைக்கு மைனஸ் இல்லை, அதால பொருளாதாரக் கூற்றுக் கேள்வியில ரெண்டு விடையை வெட்டிட்டா மிச்சத்தில ஒண்டைத் துணிஞ்சு நிரப்பலாம், சுத்தமாத் தெரியாட்டி "விடை தெரியவில்லை" எண்டுற ஐஞ்சாவது வட்டத்தை நிரப்போணும், வெறுமனே விடக் கூடாது. யூபிஎஸ்சியில மூண்டில ஒரு பங்கு வெட்டுவினம், அங்க ரெண்டு கூற்றில ஒண்டாவது உறுதியாத் தெரியாட்டி நான் விட்டுட்டு அடுத்ததுக்குப் போகச் சொல்லுவன். "மட்டுமே", "அனைத்தும்" எண்டு வந்தா பிழை எண்டு ஒரு குறுக்குவழி கோச்சிங்கில சொல்லிக்குடுக்கினமாம், பொருளாதாரத்தில அதை நம்பாதேங்கோ, சரியான கூற்றிலயும் அது வரும். காசு ஆரிட்ட இருந்து ஆரிட்டப் போகுது எண்டு மனசுக்குள்ள ஒரு அம்புக்குறி போட்டுப் பாருங்கோ, அம்பு எதிர்ப்பக்கம் போனா கூற்றுப் பிழை.